கீழ்மின்னலில் ஒன்பது நாள்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாலாஜாவைத் தாண்டி வேலூரை நோக்கிப் போகிறவர்களுக்குக் கீழ்மின்னல் என்றதும் ரத்தினகிரி முருகன் கோயில்தான் முதலில் நினைவுக்கு வரும். 2022-க்குப் பிறகு அந்த ஊருக்கு இன்னோர் அடையாளமும் சேர்ந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் அங்கேதான் இருக்கிறது. அந்த மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் பிறந்த ஊரும் ராணிப்பேட்டைதான். சி.எம்.சி.யின் ரத்தவியல் துறை இப்போது இந்த வளாகத்தில் இயங்குகிறது. அந்தத் துறை நடத்திய ஒரு சின்னஞ்சிறு ஆய்வின் முடிவை 2025 ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அறிவித்தது. ஆய்வின் பெயர் வெல்கார்ட். அதில் சிகிச்சை பெற்றவர்கள் பத்தே பேர்.

பத்துப் பேருக்கும் கீமோ உள்ளிட்ட வழக்கமான சிகிச்சைகளுக்கு அடங்காத, அல்லது அடங்கித் திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய். சிலருக்கு அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா, மற்றவர்களுக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். அவரவர் உடம்பிலிருந்தே நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, மரபணுவை மாற்றி, ஏறத்தாழ ஒன்பது நாளில் மருத்துவமனையிலேயே பெருக்கித் திரும்ப ஏற்றினார்கள். லுக்கேமியா நோயாளிகள் அனைவருக்கும் நோய் அடங்கியது. லிம்போமா நோயாளிகளில் பாதிப் பேருக்கு அடங்கியது. சுமார் 15 மாதங்கள் கழித்தும் பத்தில் எட்டுப் பேர் புற்றுநோய் இல்லாமல் இருந்தார்கள். வெளிநாட்டில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகிற சிகிச்சை இது. இங்கேயே செய்தால் செலவு 90 சதவீதம் வரை குறையும் என்றும் சொன்னார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு குடும்பம் ரிப்போர்ட் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறும். ஏறத்தான் வேண்டும். கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட வீட்டில் ஒரு கதவு திறக்கிறதென்றால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்? ஆனால், சிகிச்சைக்குப் போவதும் முதற்கட்ட ஆய்வில் சேர்வதும் ஒன்றல்ல. இரண்டிலும் அதே வார்டு, அதே டாக்டர், அதே சலைன் பாட்டில்தான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சிகிச்சையைப் பார்த்துவிடுவோம்.

நம் ரத்தத்தில் டி அணுக்கள் என்றொரு வகை உண்டு. வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிப்பிடித்து அழிப்பவை இவை. புற்றுநோய் அணு நம் சொந்த உடம்பிலிருந்தே கிளம்புவதால் பல நேரங்களில் டி அணுவின் பார்வைக்கு அது தப்பிவிடுகிறது. டி அணுவுக்குப் புதிதாக ஓர் உணர்வியைக் கொடுத்து, 'இந்த அடையாளம் எங்கே தெரிந்தாலும் அடி' என்று சொல்லிக்கொடுப்பதுதான் கார்-டி சிகிச்சை. அந்த அடையாளம் பெரும்பாலும் சி.டி.19 என்னும் புரதம். பி அணுக்களின் மேற்பரப்பில் அது இருக்கும். மேற்சொன்ன லுக்கேமியாவும் லிம்போமாவும் பி அணுக்களில் தோன்றுபவை. சிகிச்சையில் நல்ல பி அணுக்களும் சேர்ந்தே அழியும். ஆனால் அவை இல்லாமல் மனிதர் பிழைத்திருக்க முடியும். தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டுச் சமாளிப்பார்கள். இந்த அடையாளத்தைத் தேர்ந்ததில் இருக்கும் சூட்சுமம் இதுதான்.

அணுக்களை எடுக்கும் நாளில் நோயாளி சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒரு குழாயில் ரத்தம் வெளியேறும். இயந்திரம் அதைச் சுழற்றி வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு மீதியை இன்னொரு குழாய் வழியே உடம்புக்கே திருப்பி அனுப்பும். ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்ப்பார்கள். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் உதட்டோரமும் விரல் நுனியும் மரமரவென்று இருக்கும். உடனே நர்ஸிடம் சொன்னால் கால்சியம் கொடுத்துச் சரிசெய்வார்கள். இதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பவர்களும் உண்டு. சொல்லிவிடுவதே நல்லது.

பிறகு அந்த அணுக்கள் தூய அறையிலுள்ள தானியங்கி இயந்திரத்துக்குப் போகின்றன. வெளிக்காற்று படாத மூடிய குழாய்களுக்குள்ளேயே டி அணுக்களைப் பிரிப்பது, தூண்டுவது, புதிய மரபணுவைச் சுமந்த லென்டிவைரஸைச் சேர்ப்பது, வளர்ப்பது, கழுவுவது எல்லாம் நடக்கும். இந்த லென்டிவைரஸ் எச்.ஐ.வி. குடும்பத்தைச் சேர்ந்தது. நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, மரபணுவை அணுவுக்குள் சேர்க்கும் திறமையை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே இயந்திரம், ஒரே முறை. ஆனால் விளைச்சல் ஒரே மாதிரி இருக்காது. ஒரே தொட்டியில் ஒரே மருந்தில் ஊறினாலும் ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதமாக வரும் என்பது டேனரியில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். மூலப்பொருள் என்ன பாடு பட்டு வந்தது என்பதைப் பொறுத்தது அது. பலமுறை கீமோ எடுத்தவரின் டி அணுக்கள் களைத்துப்போயிருக்கும். சில நேரம் போதுமான அளவு வளராமலே போய்விடும். 'உங்கள் அணுக்களை எடுத்தோம், மருந்து தயாராகவில்லை' என்ற பதிலும் இந்தச் சிகிச்சையில் வரக்கூடிய ஒன்று. குடும்பங்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அந்த நாள் இடி விழுந்த நாளாகிவிடும்.

ஒன்பது நாள் என்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அணுக்களை உறையவைத்துத் தூரத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பி, அங்கே தயாரித்து, மறுபடி உறையவைத்துத் திருப்பி வாங்குவதற்குப் பல வாரங்கள் ஆகும். முற்றிய லுக்கேமியா அத்தனை வாரம் பொறுத்திருக்காது. காத்திருக்கும் காலத்தில் நோயைத் தடுத்துவைக்க மறுபடி கீமோ கொடுக்க வேண்டிவரும், அதில் தொற்று வரும், தொற்றில் வாய்ப்பே நழுவும். வெல்கார்ட் ஆய்வில் அணுக்களை உறையவைக்காமல் தயாரானதும் ஏற்றினார்கள். செலவு குறைந்ததைத்தான் செய்திகள் பெரிதாகச் சொல்லின. நாட்கள் குறைந்தது அதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

ஏற்றுவதற்கு முந்தைய நாட்களில் ஃபுளுடரபின், சைக்ளோபாஸ்பமைடு என்னும் இரண்டு கீமோ மருந்துகளைக் கொடுத்து, பழைய டி அணுக்களைக் குறைத்துப் புதியவற்றுக்கு இடம் பண்ணுகிறார்கள். ஏற்றும் நாளில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. சிறிய பை, சில நிமிடங்கள், முடிந்தது. இதற்கா இவ்வளவு என்று உறவினர்களுக்குத் தோன்றும். அசல் நாடகம் அடுத்த சில நாட்களில் காய்ச்சலாகத் தொடங்கும்.

அந்தக் காய்ச்சலின் கதை அமெரிக்காவில் 2012-இல் எழுதப்பட்டது. எமிலி ஒயிட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு லுக்கேமியா இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையின் முதற்கட்ட ஆய்வில் கார்-டி அணுக்கள் ஏற்றப்பட்ட முதல் குழந்தை அவள். காய்ச்சல் உச்சத்துக்குப் போய், ரத்த அழுத்தம் சரிந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தாள். சோதித்துப் பார்த்தபோது ஐ.எல்.-6 என்னும் அழற்சிப் புரதம் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இந்தச் சிகிச்சையை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால், அந்தப் புரதத்தைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள். எமிலி பிழைத்தாள். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அவளுக்குப் புற்றுநோய் திரும்பவில்லை. இன்று இந்தச் சிகிச்சை செய்யும் இடங்களில் டோசிலிசுமாப் கையிருப்பில் இல்லாமல் பையைத் தொங்கவிடமாட்டார்கள். கீழ்மின்னலில் படுத்திருக்கும் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரிகிறது என்றால், அது அந்தச் சிறுமியின் உடம்பில் கற்றுக்கொண்ட பாடம்.

இன்னோர் ஆபத்து மூளையைத் தொடுவது. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனுக்கு முன்னால் ஒரு பேனாவும் காகிதமுமே போதும். நாள்தோறும் நோயாளியிடம் இது எந்த வருடம், எந்த மாதம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். மூன்று பொருள்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்வார்கள். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். கடைசியில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று நேராக எழுதிய கை இன்று கோணலாக இழுத்தால், வேறு எந்த அறிகுறியும் தெரியுமுன்பே மருத்துவர் விழித்துக்கொள்வார். மொத்தம் பத்து மதிப்பெண். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்து குவிகிற சி.எம்.சி. போன்ற இடத்தில் அந்த ஒற்றை வாக்கியம் தமிழில் மட்டும் இருக்காது. மனைவிக்கோ மகனுக்கோ நோயாளியின் கையெழுத்து டாக்டரைவிட நன்றாகத் தெரியும். அந்தக் காகிதத்தை அவர்களும் பார்ப்பது வீண்போகாது. வெல்கார்ட்டில் யாருக்கும் மூளை சார்ந்த நச்சு விளைவு வரவில்லை என்று அறிவித்தார்கள். பத்துப் பேரில் வராதது பதினொன்றாவது ஆளுக்கு வராது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

இங்கேதான் முதற்கட்ட ஆய்வின் இயல்பு வருகிறது. அதன் முதல் கேள்வி 'இது குணப்படுத்துமா' என்பதல்ல. 'இதை மனிதருக்குக் கொடுக்க முடியுமா, எவ்வளவு கொடுக்கலாம், என்ன கெடுதல் செய்யும்' என்பதுதான். பழைய வழக்கப்படி மூன்று பேருக்குக் குறைந்த அளவு கொடுப்பார்கள். கடுமையான கெடுதல் இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கூட்டுவார்கள். முதல் மூவரில் ஒருவராக இருப்பவருக்குப் பக்கவிளைவு குறைவாக இருக்கலாம், பலனும் குறைவாக இருக்கலாம். கடைசி மூவருக்கு இரண்டும் கூடலாம். நோயாளி எந்த மூவரில் வருகிறார் என்பதை அவர் நோயின் தேவை முடிவு செய்வதில்லை, அவர் வந்து சேர்ந்த தேதி முடிவு செய்கிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆதரவில் 2000 முதல் 2019 வரை நடந்த 465 முதற்கட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 13,847 நோயாளிகள். தொடக்க ஆண்டுகளில் கட்டி சுருங்கியவர்கள் 9.6 சதவீதம், கடைசி ஆண்டுகளில் 18 சதவீதம். சிகிச்சையாலேயே இறந்தவர்கள் 0.7 சதவீதம். நூறு பேரில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி சுருங்கவில்லை என்பதே இதன் பொருள். மருத்துவர்கள் எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும், ஆய்வில் சேர்பவர் மனம் 'எனக்காகவே இதைச் செய்கிறார்கள்' என்றே எடுத்துக்கொள்ளும். அது மனித இயல்பு. அதில் நோயாளியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிதானமாக, வேறு வேறு சொற்களில், வேண்டுமானால் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய கடமை எதிரே உட்கார்ந்திருப்பவருடையது.

எல்லா முதற்கட்ட ஆய்வும் ஒரே ரகமுமல்ல. வெல்கார்ட் தொடங்கியபோது சி.டி.19-ஐக் குறிவைப்பது பலன் தரும் என்பது உலகத்துக்குத் தெரிந்த விஷயம். அமெரிக்கா 2017 ஆகஸ்டிலேயே முதல் கார்-டி மருந்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. வேலூர்க்காரர்கள் கேட்டது, நம் மருத்துவமனையிலேயே இதைப் பாதுகாப்பாகத் தயாரிக்க முடியுமா என்ற கேள்வி. எமிலியின் பெற்றோர் எதிர்கொண்ட இருட்டு அதில் இல்லை. ஆகவே ஆய்வில் சேரச் சொல்லும்போது குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இதில் புதியது எது? குறிவைக்கும் அடையாளமா, மருந்தின் அளவா, தயாரிக்கும் இடமா?

மும்பையின் அனுபவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஐ.ஐ.டி. பம்பாயும் டாட்டா மெமோரியல் மருத்துவமனையும் உருவாக்கிய நெக்ஸ்கார்19 முதன்முதலில் 2021 ஜூனில் ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்டு, 2023 அக்டோபரில் அரசு அனுமதி பெற்றது. இந்தியாவிலேயே பிறந்த முதல் கார்-டி. அதன் ஆய்வு முடிவுகள் 2025-இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்தன. பலனை மதிப்பிட முடிந்த 51 பேரில் 73 சதவீதத்தினருக்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. சிகிச்சையின் விளைவாக இருவர் இறந்தார்கள். பலன் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு லுக்கேமியாவில் 8 மாதம், லிம்போமாவில் 4 மாதம். 73 என்ற எண்ணைச் சொல்பவர் 8-ஐயும் 4-ஐயும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நோய் அடங்கியிருக்கும் அந்த மாதங்களில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போக முடிகிறவர்கள் உண்டு. தன் விஷயத்தில் அந்த வழி இருக்கிறதா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

வேலூரில் இந்த முயற்சி திடீரென்று முளைத்ததல்ல. மேமன் சாண்டி 1986-இல் இங்கே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கினார். 1998 முதல் 2004 வரை, இன்று சி.எம்.சி.யின் இயக்குநராக இருக்கும் விக்ரம் மேத்யூஸும் அவர் குழுவினரும் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா நோயாளிகள் 72 பேருக்கு ஆர்சனிக் டிரையாக்சைடை மட்டும் முதன்மை மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 86 சதவீதத்தினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. விலையுயர்ந்த கூட்டு மருந்துகளுக்கு வழியில்லாதவர்களுக்கு அது உயிர்ப்பிச்சை. 2024 டிசம்பரில் அலோக் ஸ்ரீவஸ்தவாவின் குழு கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் வழி மரபணுச் சிகிச்சை செய்த முடிவை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டது. கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவே வரவில்லை. அணுக்களுக்குள் மரபணுவை ஏற்றும் கைப்பழக்கம் இந்த ஊரில் இப்படித்தான் வளர்ந்தது.

ராணிப்பேட்டையில் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் யாராவது ஒருவர் குரோமியத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டார். மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சிப்காட்டில் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது ஊரறிந்த அவலம். அதிலுள்ள ஆறிணைத்திறன் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான அறிவியல். வெல்கார்ட் சிகிச்சை பார்த்த ரத்தப் புற்றுநோய்களை அதனுடன் முடிச்சுப்போட ஆதாரமில்லை. இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். நுரையீரல், இரைப்பை போன்ற கட்டிப் புற்றுநோய்களில் கார்-டி இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. கட்டியின் மேல் இருக்கும் அடையாளம் நல்ல உறுப்புகளிலும் இருக்கிறது. கட்டிக்குள் டி அணுவால் நுழைந்து நிலைத்திருக்கவும் முடிவதில்லை. முற்றிய இரைப்பைப் புற்றுநோய்க்குச் சீனாவில் சேட்ரி-செல் என்ற கார்-டியை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு 156 பேரிடம் ஆராய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் மோசமாகாமல் இருந்த காலம் 1.77 மாதத்திலிருந்து 3.25 மாதமாக உயர்ந்தது. ஆராய்ச்சியாளர்களுக்கு அது பெரிய முன்னேற்றம். வீட்டை அடகு வைக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு அது ஒன்றரை மாதம்.

அடகு என்ற சொல் வந்ததால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடலாம். ஆய்வுக்காகச் செய்யப்படும் சோதனைக்கும் சிகிச்சைக்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை. 'ஸ்டெம் செல் சிகிச்சை, எல்லாக் கேன்சரும் குணமாகும், இத்தனை லட்சம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால் அது ஆய்வு அல்ல. உண்மையான ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவாகியிருக்கும். 2009 ஜூன் முதல் அது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளை யாரையாவது விட்டு இணையத்தில் தேடிப் பார்க்கச் சொல்லலாம்.

2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் வேறு சில பாதுகாப்புகளையும் தருகின்றன. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும். கையெழுத்திட்ட நகலை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. அந்த இழப்பீட்டுச் சூத்திரத்தில் மனதை உறுத்துகிற இடம் ஒன்றிருக்கிறது. எட்டு லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துப் பெருக்குகிறார்கள். ஆரோக்கியமான தன்னார்வலருக்குப் பெருக்கும் எண் 4. ஆறு மாதத்துக்கு மேல் பிழைக்கமாட்டார் என்று கருதப்படுபவருக்கு 0.5. அதே வயது, அதே மரணம், எட்டில் ஒரு பங்கு. இதற்குக் கணக்கியல் நியாயம் ஏதேனும் இருக்கலாம். முற்றிய நோயோடு உடம்பைக் கொடுத்தவரின் குடும்பத்துக்கு நேராக நின்று அதைச் சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியும் படிவத்தில் இருக்கும். மாத்திரை ஆய்வென்றால் மாத்திரையை நிறுத்தினால் ஆயிற்று. கார்-டி உடம்புக்குள் பெருகி வாழ்கிற மருந்து, ஏற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. விலகுவதற்கு முழுப் பொருள் இருப்பது பையைத் தொங்கவிடும் நிமிடம் வரைக்கும்தான். அதன்பிறகு விலகுவது என்றால் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று சொல்வது மட்டுமே. ஆனால் வர வேண்டிய காரணமும் இருக்கிறது. கார்-டி பெற்றவர்களில் மிகச் சிலருக்குப் பின்னாளில் டி அணுக்களிலேயே புற்றுநோய் தோன்றியதை 2023 நவம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்து, அடுத்த ஆண்டு எச்சரிக்கை வாசகம் சேர்க்கச் சொன்னது. மரபணுவில் நிலையாகச் சேரும் இத்தகைய சிகிச்சைகளுக்கு 15 ஆண்டு கண்காணிப்பை அது பரிந்துரைக்கிறது. மேல்விஷாரத்தில் இருப்பவருக்கு அது டவுன் பஸ் தூரம். தன்பாத்திலிருந்து வந்தவருக்கு அத்தனை ஆண்டுகளும் ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, விட்டுப்போன கூலி. உள்ளூர் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையை அனுப்பினால் போதுமா, காட்பாடியில் வந்து இறங்கியே தீர வேண்டுமா, அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையெல்லாம் கையெழுத்திடும் முன்பே கேட்டு, படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.